கொதிக்கிற குண்டானுக்கு 46 டிகிரி: ஐஆர் தெர்மாமீட்டரில் நாம் செய்யும் தவறுகள்

எவர்சில்வர் குண்டானில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. புதிதாக வாங்கிய, தொடாமலேயே சூட்டை அளக்கும் ஐஆர் (அகச்சிவப்பு) தெர்மாமீட்டரை அதன் பக்கவாட்டில் காட்டி பட்டனை அழுத்தினேன். 46 டிகிரி. இன்னொரு முறை அழுத்தினேன். 47. "நல்லா ஏமாந்துட்டு வந்திருக்கீங்க" என்று வீட்டாரின் தீர்ப்பு அங்கேயே வந்துவிட்டது. கருவியில் கோளாறு எதுவும் இல்லை. காட்டக் கூடாத இடத்தில் காட்டியது நான்.

கொரோனா காலத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேராக நீட்டினார்களே, அதன் சித்தப்பா பையன் என்று இதைச் சொல்லலாம். அது உடம்புக்கு, இது பொருள்களுக்கு. மைனஸ் 50 முதல் 400, 500 டிகிரி வரை காட்டும். தோசைக்கல், எண்ணெய், ஃபிரிட்ஜ், ஏசி, சுவிட்ச் போர்டு என்று வீட்டில் இதற்கு வேலை நிறைய இருக்கிறது. ஆனால் தவறாகப் பிடித்தாலும் தயங்காமல் ஓர் எண்ணைக் காட்டிவிடும் என்பதுதான் இதில் உள்ள தொல்லை.

முதலில் அது என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். எந்தப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்ப, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். ஐஸ்கட்டிகூட விடும், கொஞ்சம் குறைவாக. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, சிவப்பைத் தாண்டி வெறுமையாகத் தெரிந்த இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கேயும் சூடு ஏறியது. அந்தக் கதிரைத்தான் நம் கையில் உள்ள கருவி லென்ஸ் வழியாக வாங்கிக் கணக்குப் போட்டு டிகிரியாக மாற்றுகிறது. அதாவது அது வாங்கிக்கொள்ளும் சாதனம். அதிலிருந்து சூட்டை அளக்கும் கதிர் எதுவும் வெளியே போவதில்லை. நெற்றியில் காட்டினால் மூளைக்கு ஆகாது என்று 2020-இல் வாட்ஸப்பில் சுற்றிய வதந்திக்கு இதுவே பதில். பட்டனை அழுத்தும்போது விழும் சிவப்பு லேசர் புள்ளி குறி பார்ப்பதற்கு மட்டும்தான். அந்தப் புள்ளிதான் அளக்கிறது என்று நினைப்பது தனித் தவறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது குண்டானுக்கு வருவோம். ஒரே சூட்டில் இருந்தாலும் எல்லாப் பொருளும் ஒரே அளவு கதிரை விடுவதில்லை. அந்தத் திறனை எமிசிவிட்டி என்பார்கள். 0-க்கும் 1-க்கும் இடையே ஓர் எண். தோல், மரம், செங்கல், பெயிண்ட், தண்ணீர், எண்ணெய், மாவு, சோறு எல்லாம் 0.9-க்கு மேல். விலை குறைந்த கருவிகளில் 0.95 என்று நிலையாக வைத்தே விற்கிறார்கள். பளபளப்பான எவர்சில்வரோ 0.1, 0.2 என்ற அளவில் நிற்கும். அலுமினிய ஃபாயில் அதற்கும் கீழே. அவை தாமாக விடும் கதிர் கொஞ்சம்தான். மீதி, சுற்றியிருக்கும் பொருள்களின் கதிரைத் திருப்பி அடிப்பது. எவர்சில்வர் தட்டில் நம் முகம் தெரிகிறதல்லவா, அகச்சிவப்பிலும் அதே கதைதான். நான் பார்த்த 46 டிகிரியில் பெரும்பங்கு எதிரே இருந்த சமையலறைச் சுவருடையது, என்னுடையதும்கூட. குண்டானின் சூடு அதில் கொஞ்சம் கலந்திருந்தது, அவ்வளவே.

இதில் ஆபத்தும் உண்டு. உள்ளே சுமார் 120 டிகிரியில் இருக்கும் குக்கரின் பளபளப்பான மூடிக்கும் இதே போல நாற்பது, ஐம்பது காட்டும். "ஆறிடுச்சு" என்று கையை வைத்தால் தோல் உரியும்.

எமிசிவிட்டியை மாற்றும் வசதி இருந்தால் 0.15 என்று வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். நானும் முயன்றேன். ஒரு கீறல், ஒரு கறை, கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலே எண் எங்கோ போய்விடுகிறது. இதைவிட எளிய வழி, பளபளப்பை விட்டு வேறொன்றைப் பார்ப்பது. சட்டியை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் பண்டத்தைப் பாருங்கள். எவர்சில்வர் வாணலியின் சூடுதான் வேண்டும் என்றால் கொஞ்சம் தாராளமாக எண்ணெய் ஊற்றி, அது காய்ந்ததும் எண்ணெயின் மேல்பரப்பைப் பாருங்கள். அடுப்பில் ஏறாத, வெதுவெதுப்பான உலோகப் பொருள் என்றால் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அந்த டேப்பை அளக்கலாம். அடுப்பில் இருக்கும் பாத்திரத்தில் மட்டும் இந்த வேலை வேண்டாம். டேப் உருகி நாற்றமடிக்கும்.

நிறத்தைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். வெள்ளை பெயிண்ட் அடித்த சுவரும் கறுப்பு பெயிண்ட் அடித்த சுவரும் இந்தக் கருவியின் கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். மினுமினுப்பான உலோகமா, இல்லையா என்பதே கேள்வி.

இந்த வகையில் பழகிக் கறுத்த இரும்புத் தோசைக்கல் ஒரு வரப்பிரசாதம். எண்ணெய் ஊறி ஊறிப் படிந்த கறுப்புப் படலம் 0.95-ஐ ஒட்டி இருக்கும், காட்டும் எண்ணை நம்பலாம். இங்கே நடக்கும் தவறு வேறு: ஓரிடத்தில் மட்டும் பார்ப்பது. கேஸ் அடுப்பின் தீ வளையமாக எரிவதால் கல்லில் சூடும் சமமாக இருப்பதில்லை. எங்கள் கல்லில் தீ படும் வளையத்துக்கும் ஓரத்துக்கும் 50 டிகிரி வரை வித்தியாசம் பார்த்திருக்கிறேன். நாலைந்து இடத்தில் பாருங்கள். எங்கள் கல்லுக்கு 160 முதல் 180 வரை மாவு நன்றாக விரிகிறது. 220 தாண்டினால் கரண்டியோடு சுருண்டு வந்துவிடுகிறது. உங்கள் கல்லுக்கு உங்கள் எண் வேறாக இருக்கும், பத்து தோசைக்குள் பிடிபட்டுவிடும்.

கருவி வந்த நாளில் அம்மா வழக்கம்போல் தண்ணீர் தெளித்துப் பார்த்தார்கள். சொய்யென்று கத்தி உடனே வற்றினால் பதம். முத்து முத்தாக உருண்டு ஓடினால் கல் அதிகம் காய்ந்துவிட்டது என்று கணக்கு. துளிகள் உருண்ட நேரத்தில் அளந்தால் 210-க்கு மேல். கல் அவ்வளவு காய்ந்தால், துளிக்கும் கல்லுக்கும் நடுவே ஆவி ஒரு மெத்தை போல நின்றுவிடும். லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1756-இல் எழுதி வைத்தது. அம்மாவுக்குக் கருவி தேவைப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான்ஸ்டிக் தவா வைத்திருப்பவர்களுக்குத்தான் இது கட்டாயம் உதவும்: 260 டிகிரியைத் தாண்ட விடக் கூடாது. வெறும் தவாவைப் பெரிய தீயில் வைத்துவிட்டு மாவு எடுக்கப் போய் வருவதற்குள் அது அங்கே போய்விடும்.

அடுத்தது, மேல்தோலைப் பார்த்து உள்ளே இருப்பதை முடிவு செய்வது. கருவிக்குத் தெரிவது மேற்பரப்பு மட்டும். உறை ஊற்றப் பாலை 40–45 டிகிரிக்கு ஆற வைக்கிறோம் என்று வையுங்கள். ஆடை படிந்த பாலை அப்படியே அளந்தால் 42 காட்டும். கரண்டியால் நன்றாகக் கலக்கிவிட்டு அளந்து பாருங்கள். அடியில் இருந்த சூடு மேலே வந்து 50-ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் உறை ஊற்றினால் தயிர் கெடும், பழி பாவம் பாலின் மேல் விழும். எண்ணெயும் இப்படித்தான். வடை, பஜ்ஜிக்கு 170–180 வேண்டுமென்றால் ஜல்லிக்கரண்டியால் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பாருங்கள்.

கோழிக்கறி வெந்துவிட்டதா என்று பார்க்க இது உதவவே உதவாது. கறித்துண்டின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும் என்பது கணக்கு. வெளியே 90 காட்டும்போது எலும்பை ஒட்டி இன்னும் வேகாமல் இருக்கலாம். அதற்கு ஊசி முனை உள்ள குத்து தெர்மாமீட்டர்தான். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும், சமையலுக்கு மட்டும்தான் என்றால் அதையே வாங்குங்கள் என்பேன்.

ஆவியும் கெடுக்கும். கொதிக்கும் சாம்பாருக்கு நேர் மேலே நீட்டினால் கருவி நடுவில் நிற்கும் ஆவியையும் சேர்த்துப் பார்க்கும், லென்ஸிலும் ஆவி படியும். பக்கவாட்டிலிருந்து, கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். ரொம்பச் சாய்த்தால் தண்ணீரும் எண்ணெயும் கண்ணாடிபோல் எதிரே இருப்பதைக் காட்ட ஆரம்பிக்கும். கண்ணாடி மூடி, ஓவன் கதவு, பிளாஸ்டிக் டப்பா வழியாகப் பார்த்தால் மூடியின் சூடுதான் வரும்; நம் கண் ஊடுருவும் கண்ணாடி இதற்குச் சுவர்.

இனி அந்தச் சிவப்புப் புள்ளி. கருவியின் பக்கவாட்டில் 12:1 என்றோ 8:1 என்றோ அச்சடித்திருக்கும். 12:1 என்றால், 60 சென்டிமீட்டர் தள்ளி நின்றால் 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் சராசரியைக் காட்டும். மூன்று மீட்டர் தள்ளி நின்றால் 25 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. புள்ளி ஸ்க்ரூ தலையில் நிற்கிறது, ஆனால் கருவி பார்ப்பது ஸ்க்ரூ, போர்டு, சுவர் எல்லாவற்றையும் சேர்த்து. தரையில் நின்றபடி மேலே உள்ள ஃபேன் மோட்டாரை அளப்பவர்கள் பெரும்பாலும் கூரையை அளக்கிறார்கள். மிக அருகில் போனாலும் வேறு சிக்கல்: லேசர் லென்ஸுக்குச் சற்று மேலே இருப்பதால் புள்ளி ஓரிடம், அளக்கும் வட்டம் ஓரிடம் என்று விலகும். லேசரைக் குழந்தைகள் கண்ணில் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், எவர்சில்வர் பாத்திரத்தில் பட்டுத் தெறித்தும் வரும்.

சுவிட்ச் போர்டுக்கு இதைவிட நல்ல துணை வீட்டில் வேறில்லை. ஆனால் கெய்சரும் ஏசியும் ஓடாத நேரத்தில் எம்சிபி-யை (லோடு அதிகமானால் தானாக விழும் சுவிட்ச்) அளந்தால் எல்லாம் ஒரே எண்தான் காட்டும். அரை மணி நேரம் ஓடவிட்டு, ஒரு சாண் தூரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். பக்கத்தில் உள்ளவை 40-இல் இருக்க, ஒன்று மட்டும் 62 என்றால் லோடு அதிகமாக இருக்கலாம், இல்லை உள்ளே ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், மூடியை நீங்கள் கழற்ற வேண்டாம். பித்தளை முனைகளைப் பார்த்தால் அவை குறைவாகவே காட்டும். அதனால் எம்சிபி-யின் பிளாஸ்டிக் உடம்பையும், வெளியே தெரிகிற ஒயரின் மேலுறையையும் பார்ப்பதே சரி.

இங்கே கவனியுங்கள், 62 என்பது சரியாக 62-தானா என்பது முக்கியமே இல்லை. இந்த விலைக் கருவிகள் பொதுவாக 2 டிகிரி முன்பின் காட்டும். பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிடும்போது அந்தப் பிழை பெரும்பாலும் அடிபட்டுப் போய்விடும். கேஸ் சிலிண்டரில் எவ்வளவு மீதி என்று ஈரத்துணி போர்த்திப் பார்ப்போமே, அதையும் இதில் செய்யலாம். அடுப்பு ஒரு மணி நேரம் எரிந்த பிறகு மேலிருந்து கீழாக அளந்து வந்தால், திரவம் இருக்கும் இடத்தில் எண் ஓரிரு டிகிரி இறங்கும். காலையில் அடுப்பு பற்றவைக்கும் முன் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஏசி காற்றை இதால் அளக்க முடியாது. காட்டுவது முன்னால் உள்ள பிளாஸ்டிக் இதழ்களின் சூடு. காற்று வரும் இடத்தில் ஒரு காகிதத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து அந்தக் காகிதத்தை அளந்தால் கிட்டத்தட்ட வரும். ஃபிரிட்ஜிலும் அதே மாதிரி, உள்ளே ஒரு கிண்ணம் தண்ணீரை இரவு முழுக்க வைத்து, கதவைத் திறந்த உடனே தண்ணீரைப் பாருங்கள். 5 டிகிரிக்குள் இருந்தால் சரி.

கோபம் வரும் தவறு ஒன்று உண்டு: இதைக் காய்ச்சலுக்குப் பயன்படுத்துவது. 2 டிகிரி முன்பின் காட்டும் கருவிக்கு 37-க்கும் 39-க்கும் வேறுபாடு தெரியாது. போதாததற்கு, நெற்றித் தோல் உடம்பின் உள்சூட்டைவிடக் குறைவாகவே இருக்கும். உடம்புக்கான கருவி அந்த வித்தியாசத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது, இது சேர்க்காது. காய்ச்சலில் சுருண்டு கிடக்கும் குழந்தைக்கு 35.8 காட்ட, "ஒண்ணுமில்ல" என்று படுக்கவைத்த வீட்டை எனக்குத் தெரியும். அக்குளில் வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் 200 ரூபாய்க்குக் கிடைக்கிறது.

வாங்கிய கருவி சரியா என்று பார்க்கத் தண்ணீரைக் கொதிக்கவைக்க வேண்டாம். ஆவி குழப்பும், ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஒரு டம்ளர் நிறைய ஐஸை உடைத்துப் போட்டு, இடுக்குகள் நிறையும்வரை தண்ணீர் ஊற்றி, இரண்டு நிமிடம் கலக்குங்கள். கலக்கிய கையோடு அருகில் பிடித்து அளந்தால் 0-வை ஒட்டி வர வேண்டும். ஏசி அறையிலிருந்து எடுத்து வந்த கையோடு இதைச் செய்யாதீர்கள். சென்சார் தன் சொந்தச் சூட்டை வைத்தே கணக்குப் போடுவதால், அறைச் சூட்டுக்குப் பழக இருபது நிமிடம் வேண்டும். 0-க்குப் பதில் 32 வந்தால் பதற வேண்டாம், யாரோ ஃபாரன்ஹீட் பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். 4, 5 என்று வந்தால் லென்ஸைப் பாருங்கள். எங்கள் வீட்டில் அதன் மேல் பூரி சுட்ட எண்ணெய் தெறித்துக் காய்ந்திருந்தது. மெல்லிய துணியில் துளி ஸ்பிரிட் தொட்டுத் துடைத்த பிறகு 0.6 காட்டியது.