வீட்டு ஆய்வகத்தில் மெய்நிகர் இயந்திரங்கள்: பாதுகாப்பை ஹோஸ்டிலிருந்து தொடங்குவது எப்படி

ஒரே கணினியில் பத்துப் பதினைந்து மெய்நிகர் இயந்திரங்களை (மென்பொருளால் உருவாக்கிய, தனித்தனிக் கணினிபோல் இயங்கும் இயந்திரங்கள்) ஓட்டுபவர்களில் பலர் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனித்தனியாகக் கடவுச்சொல், ஃபயர்வால் என்று மெனக்கெடுகிறார்கள். அத்தனையையும் தாங்கி நிற்கும் கணினியான ஹோஸ்டை மட்டும் நிறுவிய நாளில் இருந்தபடியே விட்டுவிடுகிறார்கள். ஹோஸ்டின் ரூட் கணக்கை, அதாவது முழு அதிகாரம் கொண்ட நிர்வாகக் கணக்கை, கைப்பற்றியவருக்கு உள்ளிருக்கும் எந்த இயந்திரத்தின் கடவுச்சொல்லும் தேவையில்லை. அவற்றின் வட்டுகளை அவர் வெளியிலிருந்தே படிக்கலாம், அழிக்கலாம். 2023 பிப்ரவரியில் பரவிய ஈஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ் என்னும் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்), விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ்ஐ என்ற மென்பொருள் ஓடும் ஹோஸ்டுகளுக்குள் புகுந்து மெய்நிகர் இயந்திரங்களின் கோப்புகளைப் பூட்டியது. அது நுழைந்த வழியாகச் சுட்டப்பட்ட ஓட்டைக்கான திருத்தம் 2021 பிப்ரவரியிலேயே வெளிவந்திருந்தது.

இந்த வழிகாட்டி, ஹோஸ்டில் நிறுவி மெய்நிகர் இயந்திரங்களை நிர்வகிக்கும் மென்பொருளான ப்ராக்ஸ்மாக்ஸை முன்வைத்து எழுதப்பட்டது. மற்றவற்றில் பொத்தான்களின் இடம் மாறுமே தவிர முறை மாறாது. முதலில் மென்பொருள் புதுப்பிப்பு வருகிறதா என்று பாருங்கள். சந்தா இல்லாமல் நிறுவும்போது, கட்டணச் சந்தாதாரர்களுக்கான களஞ்சியமே (புதுப்பிப்புகள் வரும் சேமிப்பிடம்) இயல்பாக இயங்குநிலையில் இருப்பதால் புதுப்பிப்பு பிழையில் முடியும்; அந்தப் பிழையைப் பொருட்படுத்தாமல் மாதக்கணக்கில் பழைய கெர்னலோடு (இயங்குதளத்தின் மையப்பகுதி) ஓடும் ஹோஸ்டுகள் ஏராளம். சந்தா தேவைப்படாத களஞ்சியத்துக்கு மாற்றிவிட்டால் இது தீரும்.

அடுத்தது நுழைவு. அன்றாட வேலைக்கு ரூட்டைப் பயன்படுத்தாமல், தேவையான அனுமதிகள் மட்டும் கொண்ட தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, ரூட் உட்பட எல்லாக் கணக்குகளுக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை இயக்குங்கள். முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறும் அந்த ஆறிலக்க எண் கடிகாரத்தை நம்பி இயங்குவது. ஹோஸ்டின் நேரம் சில நிமிடங்கள் பிசகினாலும் சரியான எண்ணே தவறாகிவிடும் என்பதால், நேர ஒத்திசைவைச் சரிபார்த்து, மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தொலைவிலிருந்து கட்டளைகளை இடப் பயன்படும் எஸ்எஸ்எச்சில் கடவுச்சொல் நுழைவை நிறுத்திச் சாவிக் கோப்பை மட்டும் அனுமதிப்பது ஐந்து நிமிட வேலைதான்.

நிர்வாகப் பக்கம் இயங்கும் 8006 போர்ட்டை ரூட்டர் வழியாக இணையத்துக்குத் திறக்கவே கூடாது. இதில் விதிவிலக்குக்கு இடமில்லை என்பது என் கருத்து. வெளியிலிருந்து வர வேண்டுமானால் வயர்கார்டு போன்ற விபிஎன் (மறையாக்கப்பட்ட தனிப்பாதை) வழியாக வாருங்கள். வீட்டுக்குள்ளும் ஹோஸ்டின் நிர்வாக முகவரியைத் தனி வி-லேனில் (ஒரே வலையமைப்பைத் தனித்தனியாகப் பிரித்த பகுதி) வைத்து, சோதனை இயந்திரங்களையும் வெளியுலகுக்குச் சேவை தரும் இயந்திரங்களையும் வேறு வி-லேன்களுக்கு அனுப்புங்கள்.

பலர் தங்களைத் தாங்களே வெளியே நிறுத்திப் பூட்டிக்கொள்ளும் இடம் ஃபயர்வால். ப்ராக்ஸ்மாக்ஸில் அது இயல்பாக அணைந்திருக்கும். டேட்டாசென்டர் மட்டத்தில் (எல்லா ஹோஸ்டுகளுக்கும் பொதுவான அமைப்பில்) இயக்கியவுடன் ஹோஸ்டுக்கு வரும் இணைப்புகள் தடுக்கப்படும். ஹோஸ்ட் இருக்கும் அதே வலையமைப்பிலிருந்து வரும் 8006, 22 போர்ட் இணைப்புகள் மட்டும் தொடர்ந்து அனுமதிக்கப்படும். உங்கள் மடிக்கணினி வேறொரு வி-லேனில் இருந்தால் அந்தச் சலுகை உங்களுக்குக் கிடையாது. எனவே இயக்குவதற்கு முன்பே, 'management' (மேனேஜ்மென்ட்) என்ற பெயரில் ஐபி தொகுப்பு ஒன்றை உருவாக்கி அதில் மடிக்கணினியின் முகவரியைச் சேர்த்துவிடுங்கள். ஹோஸ்டில் திரையையும் விசைப்பலகையையும் செருகி, நேரடியாக உள்நுழைந்த நிலையில் இதைச் செய்தால், தவறு நேர்ந்தாலும் அங்கிருந்தே ஃபயர்வாலை நிறுத்தலாம்.

ஹோஸ்டின் கெர்னலையே பகிர்ந்து ஓடும் இலகுவான இயந்திரங்களான கன்டெய்னர்களைச் சிறப்புரிமையற்ற (unprivileged) வகையாகவே உருவாக்குங்கள். அப்போது உள்ளிருக்கும் ரூட், ஹோஸ்டின் பார்வையில் 100000 என்ற எண் கொண்ட சாதாரணப் பயனர்தான்.

பேக்கப்பில்தான் கூடுதல் கவனம் வேண்டும். ஸ்னாப்ஷாட் (இயந்திரத்தின் ஒரு கணத்து நிலைப்பதிவு) பேக்கப் ஆகாது. அது அதே வட்டில் இருப்பதால் வட்டோடு சேர்ந்தே போகும். தனிக் கணினியில் ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரை நிறுவி, ஹோஸ்டுக்குக் கொடுக்கும் கணக்கில் பிரதிகளைச் சேர்க்கவும் தன் பிரதிகளை மீட்கவும் மட்டும் அனுமதி இருக்கட்டும். பழையவற்றை நீக்கும் அதிகாரம் அந்தச் சர்வரிடமே இருந்தால், ஹோஸ்டைக் கைப்பற்றியவரால் அந்தக் கணக்கைக் கொண்டு பிரதிகளை அழிக்க முடியாது.

மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. மாதம் ஒருமுறை ஏதேனும் ஓர் இயந்திரத்தைப் புதிய எண்ணில், உதாரணமாக 900 என்ற எண்ணில், மீட்டெடுங்கள். அப்போது தனித்துவம் (Unique) என்ற தேர்வைக் குறித்தால் புதிய மேக் முகவரி (வலையமைப்பு அட்டையின் அடையாள எண்) கிடைக்கும்; ஆனால் உள்ளே நிலையான ஐபி எழுதப்பட்டிருந்தால் அது மூல இயந்திரத்தோடு மோதும் என்பதால், தொடங்குவதற்கு முன் வலையமைப்பு அட்டையின் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். பிறகு கன்சோல் வழியாக உள்நுழைந்து, தரவுத்தளம் எழுகிறதா, கடைசியாகச் சேர்த்த கோப்பு இருக்கிறதா என்று பார்த்து, மீட்புக்கு எடுத்த நேரத்தையும் குறித்துக்கொண்டு 900ஐ அழித்துவிடலாம்.