டார்க் ரெஞ்ச் கைப்பிடியில் ஒளிந்திருந்த இன்னொரு அலகு

பைக்கின் பின்சக்கர ஆக்சில் நட்டுக்கு மேனுவல் சொன்ன முறுக்குவிசை 62 நியூட்டன் மீட்டர். வைத்த அளவுக்கு இறுகியதும் 'கிளிக்' என்று சொல்லும் என் டார்க் ரெஞ்சை அதே அளவுக்கு வைத்துத்தான் முறுக்கினேன், சத்தமும் வந்தது. ஆனால் நண்பரின் டிஜிட்டல் ரெஞ்சில் போட்டுப் பார்த்தால் 65. எப்போது பார்த்தாலும் அதே மூன்று கூடுதல்.

முதலில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் மரையில் கிரீஸ் இருக்கிறதா என்று துடைத்துப் பார்த்தேன். மேனுவலிலேயே அச்சுப்பிழையோ என்று அதற்கு அருகிலேயே வேறு அலகில் கொடுத்திருந்த 6.3 கிலோகிராம் ஃபோர்ஸ் மீட்டரை 9.81-ஆல் பெருக்கினேன், 61.8 வந்தது, சரிதான். நாட்கள்தான் வீணாயின.

வழி காட்டியது ஒரு விசித்திரம். தண்டில் பொறித்திருந்த 54.2 கோட்டில் வைத்தால் இரண்டு ரெஞ்சும் அச்சாக ஒத்துப்போயின. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் வைத்தால்தான் வித்தியாசம். தண்டின் ஒரு பக்கம் 30, 40, 50 என ஃபுட்-பவுண்ட் (முறுக்குவிசையின் இன்னொரு அலகு; ஒன்று 1.356 நியூட்டன் மீட்டர்). மறுபக்கம் 40.7, 54.2, 67.8 என நியூட்டன் மீட்டர். ஆனால் சுழலும் கைப்பிடியில் உள்ள 0 முதல் 9 வரையிலான எண்கள் ஃபுட்-பவுண்டுக்கு மட்டுமே! 54.2-உடன் 8 சேர்த்தால் 62 ஆகாது; 48 ஃபுட்-பவுண்ட், அதாவது 65.

இப்போது 62-ஐ 1.356-ஆல் வகுத்து 45.7 ஆக்கி, தண்டில் 40, கைப்பிடியில் 5.7 என வைக்கிறேன். டிஜிட்டலும் 62 காட்டுகிறது. நியூட்டன் மீட்டர் பக்கத்தை ஒட்டுத்தாளால் மறைத்துவிட்டேன்.