கழுத்துக் கோடு ஏறிப்போன தாடியைச் சரிசெய்த விதம்

வீட்டில் ட்ரிம் செய்யும்போது தாடியைக் கெடுப்பது பெரும்பாலும் கழுத்துக் கோடுதான், அதாவது கழுத்தில் தாடி முடியும் விளிம்பு. தாடை எலும்பை ஒட்டியே கோடு போட்டிருந்தேன். கண்ணாடியில் நேராகப் பார்த்தால் குறை தெரியவில்லை. பேசும்போதும் குனியும்போதும் தாடிக்குக் கீழே வெறும் சதை பிதுங்கித் தெரிந்தது.

இதற்குக் குறுக்கு வழி கிடையாது. கழுத்துப் பக்கம் 10 நாள் கை வைக்காமல் வளரவிட்டேன். பிறகு குரல்வளை மேட்டுக்கு மேல் இரண்டு விரலைப் படுக்கையாக வைத்து, மேல்விரலின் விளிம்பைக் கோடாகக் கொண்டு, அங்கிருந்து இரு காதுகளின் பின்பக்கம் நோக்கி வளைவாக எடுத்தேன். கோட்டைக் குறிக்கும்போது தலை நேராக இருக்க வேண்டும். அண்ணாந்தால் தோல் இழுபட்டு, கோடு இடம் மாறிவிடும்.

தாடி நன்றாகக் காய்ந்திருக்கட்டும். ஈர முடி நீளமாகத் தொங்கும், காய்ந்ததும் சுருங்கி எதிர்பார்த்ததைவிடக் குட்டையாகிவிடும். முதலில் ட்ரிம்மரில் 9 மி.மீ. சீப்பு (முடியை எவ்வளவு நீளம் விடுவது என்பதை முடிவு செய்யும் இணைப்பு) மாட்டி முழுக்க ஓட்டுங்கள், குறைத்தது போதாவிட்டால் 6 மி.மீ. கோட்டுக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் 3 மி.மீ.; அப்போதுதான் விளிம்பு வெட்டினாற்போல் நிற்காது. சீப்பு 'டக்' என்று பூட்டியதா என்று ஒவ்வொரு முறையும் இழுத்துப் பாருங்கள். அது நழுவினால் ஒரே இழுப்பில் சொட்டை விழும். தாடைக்கு அடியில் சிலருக்கு முடி சுழித்து வளரும். அங்கே இரண்டு மூன்று திசையில் ஓட்டினால்தான் சீராகும். மீசைக்கு மெஷின் வேண்டாம், சிறு கத்தரிக்கோலே நல்லது.