தோட்டத்தில் கூட்டம் போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்துக்குச் சமூக வேலை செய்ய வரும் இளம் பிள்ளைகளைப் பார்க்கிறேன். எங்கள் தலைமுறை தடுக்கி விழுந்த இடத்திலேயே இவர்களும் விழுகிறார்கள். மரியாதையாகப் பேசு, நேரத்துக்கு வா என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். நான் சொல்ல வருவது வேறு.

ஒற்றுமையின் பெயரால் வாயை அடைப்பது

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் தண்ணீர்த் திட்டத்துக்காகக் கோயில் மண்டபத்தில் கூட்டம் நடந்தது. தலைவர் "எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்றார், கைகள் உயர்ந்தன. பின்னாலிருந்து மேட்டு லயத்துப் பெண் ஒருவர் (லயம் என்பது தொழிலாளர்களின் வரிசை வீடு), தாங்கியைக் கோயிலடியில் கட்டினால் தங்கள் பக்கம் தண்ணீர் ஏறாது என்றார். "குழப்பாதே தங்கச்சி, நாம ஒண்ணா நிக்கணும்" என்று உட்கார வைத்துவிட்டார்கள். திட்டத்தை நடத்திய இளைஞர் அறிக்கையில் 'ஏகமனதாக' என்று எழுதினார்.

தாங்கி கோயிலடியில்தான் எழும்பியது. மேட்டு லயத்துப் பெண்கள் இன்னும் ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்குத்தான் குடம் தூக்குகிறார்கள். வராத தண்ணீருக்கு மாதக்காசு ஏன் என்று அந்த லயம் நிறுத்திக்கொண்டது. குழாய் உடைந்தபோது திருத்தக் காசில்லை. கடைசியில் கீழ் லயத்துக்கும் தண்ணீர் இல்லை. இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பெண்ணைப் பேச விட்டிருந்தால் தாங்கி மேட்டில் நின்றிருக்கும்.

ஒரே குரல் என்ற பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான எங்களில் பெரும்பாலானோரை ஒட்டுமொத்தமாக நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வழி பிறந்தது. அந்தப் போராட்டத்துக்கு ஒன்றாக நிற்பது தேவைப்பட்டது. ஆனால் தண்ணீரையும் வீட்டுக் காணியையும் பங்கிடும் இடத்தில் மறுத்துப் பேசுகிறவர் துரோகி இல்லை. அவருக்கும் அதே உரிமைதான்.

அதனால் கூட்டத்தோடு நிறுத்தாமல் லயம் லயமாகப் போங்கள். கொழுந்து எடுக்கும் பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். கோயில் மண்டபத்துக்கு வரத் தயங்கும் வேதக்கார (கிறிஸ்தவ) குடும்பங்களையும், வேறு தொழிற்சங்கத்தில் இருப்பவர்களையும், எந்தச் சங்கத்திலும் இல்லாதவர்களையும் விட்டுவிடாதீர்கள். கூட்டக் குறிப்பில் மறுப்பையும் அதற்கான காரணத்தையும் அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். கை தூக்கப் பயப்படுகிற இடத்தில் சீட்டு எழுதிப் போடச் சொல்லுங்கள். ஒருநாள் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான்.

வேலை நாளில் கூட்டம் வைப்பது

கூட்டத்துக்கு வந்து அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், போனால் யார் தருவது?

நாட்டுப் பக்கத்தை (அக்கம்பக்கக் கிராமத்தை) மறப்பது

தண்ணீர் எடுக்கும் ஊற்று, பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்கு மேலே இருந்தால் அவர்களுக்கும் அதில் பங்குண்டு. குழாய் போட்ட பிறகு போய்ச் சமாதானம் பேசுவதைவிட, முதல் கூட்டத்துக்கே அவர்களைக் கூப்பிடுங்கள். இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் கூட இருக்கட்டும். அவர்களுக்குள்ளும் நாலு கருத்து இருக்கும், அதையும் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் துரையிடமே (தோட்ட நிர்வாகியிடமே) போவது

தோட்டப் பாதைக்கும் குடிநீருக்கும் உள்ளூராட்சி அமைப்பான பிரதேச சபை செலவு செய்யச் சட்டம் நீண்டகாலம் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. ஆகவே சபை உறுப்பினரிடமும் கேளுங்கள். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம், அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு தமிழும் அரசகரும மொழி. பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். அந்த விண்ணப்பத்தில் மேட்டு லயத்துக்காரர் ஒருவரும் கையெழுத்துப் போடட்டும்.