பென்டிரைவில் ஃபோல்டர்கள் ஷார்ட்கட்டாக மாறிவிட்டதா?

செங்கோட்டையிலோ புனலூரிலோ ஜெராக்ஸ் கடைக்குப் பிரிண்ட் எடுக்கப் போய் வந்த பென்டிரைவில் எல்லா ஃபோல்டரிலும் சின்ன அம்புக்குறி தெரிந்தால், எதையும் டபுள் கிளிக் செய்யாதீர்கள். அந்த ஷார்ட்கட் முதலில் வைரஸை இயக்கிவிட்டு, பிறகுதான் ஃபோல்டரைத் திறக்கும். அதனால் சந்தேகமே வராது.

ஏற்கெனவே திறந்துவிட்டீர்களா? முதலில் கணினியைச் சுத்தம் செய்யுங்கள், பென்டிரைவ் பிறகு. வரிசை மாறினால், கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் வைரஸ் துடைத்த பென்டிரைவில் மறுபடி ஏறிக்கொள்ளும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

பென்டிரைவைக் கழற்றுங்கள். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான விண்டோஸ் செக்யூரிட்டியை அப்டேட் செய்து, நெட்டைத் துண்டியுங்கள். அதன் ஸ்கேன் ஆப்ஷன்ஸில் 'டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகும், சுமார் 15 நிமிடம் பிடிக்கும். விண்டோஸ் முழுதாக ஏறும் முன்பே தேடுவதால் வைரஸ் ஒளிவது கடினம். பிறகு, கணினி தொடங்கும்போதே ஓடுபவற்றைக் காட்டும் டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியையும், குறித்த நேரத்தில் தானாக ஓடுபவற்றைக் காட்டும் டாஸ்க் ஷெட்யூலரையும் பாருங்கள். சம்பந்தமில்லாத ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) இருந்தால் முடக்குங்கள் அல்லது நீக்குங்கள்.

இப்போது பென்டிரைவைச் செருகி, திறக்காமலே ரைட் கிளிக் செய்து ஸ்கேன் செய்யுங்கள். உங்கள் ஃபைல்கள் அழிந்திருக்காது, பெரும்பாலும் மறைக்கப்பட்டுத்தான் இருக்கும். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களையும் சிஸ்டம் ஃபைல்களையும் காட்டச் சொல்லி, தேவையானதை மட்டும் காப்பி எடுத்துவிட்டு ஃபார்மட் செய்யுங்கள். பாங்க், மெயில் பாஸ்வேர்டுகளை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள்.

அடுத்த முறை பிரிண்டுக்கு பிடிஎஃப்பை மெயிலில் அனுப்பினால் போதும், பென்டிரைவே வேண்டாம்.