லாஸ் வேகஸ் போக்கர் அறையில் டேபிள் மாறும் முறை

1/3 டாலர் நோ-லிமிட் ஹோல்டம் கேஷ் கேமில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். சிப்ஸெல்லாம் நிஜப் பணமாக, பந்தயத்துக்கு உச்ச வரம்பில்லாமல் ஆடும் போக்கர் அது. 1/3 என்பது சீட்டுப் போடும் முன்பே இருவர் முறைவைத்துக் கட்டாயமாக வைக்கும் பந்தயங்கள், அதாவது பிளைண்ட்கள். யாரும் பணத்தை வெளியே விடாத டேபிள் அது. பக்கத்து டேபிளிலோ பாட் (நடுவில் சேரும் பந்தயப் பணம்) பெரிது பெரிதாகப் போகிறது, ஒரு நாற்காலியும் காலியாகிறது. இந்த நேரத்தில் சிப்ஸை அள்ளிக்கொண்டு எழுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. காலி நாற்காலியை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்பவர் அறையின் மேற்பார்வையாளரான ஃப்ளோர். சீட்டுப் போடும் டீலருக்கு அந்த அதிகாரம் இல்லை.

ஒரு ஹேண்டில் (ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடும் ஆட்டத்தில்) நீங்கள் ஃபோல்ட் செய்த, அதாவது சீட்டைக் கொடுத்து விலகிய பிறகு, ஃப்ளோரைக் கூப்பிட்டு 'டேபிள் சேஞ்ச்' என்று மெதுவாகச் சொல்லுங்கள். உங்கள் பெயர் மாற்றப் பட்டியலில் ஏறும். காரணம் சொல்லத் தேவையில்லை. 'இங்கே எல்லோரும் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள்' என்றோ, 'அந்த டேபிளில் ஒருவர் பணத்தை வாரி இறைக்கிறார்' என்றோ எல்லோர் காதிலும் விழும்படி சொல்வது அநாகரிகம். கேட்டவர் மனம் புண்படும், நீங்கள் தேடிப் போகும் ஆளும் உஷாராகிவிடுவார். உங்கள் டேபிளில் ஏற்கெனவே ஆள் குறைவாக இருந்தால் ஃப்ளோர் மறுக்கலாம். அப்போது வாதாட வேண்டாம். நீங்கள் போனால் அந்த ஆட்டமே கலைந்துவிடும் என்பதுதான் அவருடைய கவலை.

ஒரே டேபிளில் நாற்காலி மட்டும் மாற வேண்டுமென்றால் அது 'சீட் சேஞ்ச்'. அதை டீலரிடமே கேட்கலாம். முதலில் கேட்டவருக்கு முதல் உரிமை.

'மஸ்ட் மூவ்' டேபிளில் இருக்கிறீர்களா என்பதை உட்காரும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதன்மை டேபிளில் இடம் காலியாகும்போதெல்லாம் ஆள் அனுப்புவதற்காகவே நடத்தும் துணை டேபிள் அது. அங்கே அதிக நேரம் இருந்தவர் முதலில் போக வேண்டும். நல்ல டேபிளாக அமைந்துவிட்டது, நகர மாட்டேன் என்று சொல்ல முடியாது. மறுத்தால் ஆட்டத்தை விட்டே எழ வேண்டியிருக்கும்.

சண்டை அதிகம் வருவது சிப்ஸ் விஷயத்தில்தான். அதே பந்தய அளவுள்ள இன்னொரு டேபிளுக்கு மாறினால், உங்கள் முன் இருக்கும் அத்தனையும் உங்களோடு வர வேண்டும். 300 டாலர்தான் உச்ச பை-இன் (உட்காரும்போது கொண்டுவரும் தொகை) என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 740 டாலர் வைத்திருக்கிறீர்கள். புது டேபிளிலும் 740-ஐத்தான் வைக்க வேண்டும். உச்ச வரம்பு புதிதாக உட்காருபவருக்கு மட்டுமே. 440-ஐ பாக்கெட்டில் போட்டுக்கொண்டு 300-உடன் உட்காருவதை 'ராட்ஹோலிங்' என்பார்கள். ஜெயித்த பணம் ஆட்டத்திலேயே இருந்தால்தான் தோற்றவருக்கு அதைத் திரும்ப எடுக்க ஒரு வழி இருக்கும். அந்த வழியை அடைப்பதால்தான் இதற்குத் தடை. நடுவில் சிப்ஸைப் பணமாக்கும் கவுன்டரான கேஜுக்குப் போய் சிப்ஸை மாற்றிவிட்டு வருவதும், நண்பர் கையில் கொடுத்து வைப்பதும் இதே தவறுதான். ஆட்டத்தை முடித்துக்கொண்டு போய்விட்டுச் சீக்கிரமே திரும்பினாலும், எடுத்துப்போன அதே தொகையோடுதான் உட்கார வேண்டும். எவ்வளவு நேரத்துக்குள் என்பது அறையைப் பொறுத்தது. ஒரு மணி நேரம் என்று வைத்திருக்கும் அறைகள் உண்டு, அதைவிட நீட்டித்திருக்கும் அறைகளும் உண்டு.

1/3-லிருந்து 2/5-க்குப் போனால் கதை வேறு. பந்தய அளவு மாறுவதால் நீங்கள் புது ஆள். அந்த டேபிளின் பை-இன் வரம்புதான் உங்களுக்குப் பொருந்தும்.

சிப்ஸைத் தூக்கிப்போக டீலரிடம் 'ராக்' கேளுங்கள். வரிசைக்கு 20 வீதம் 5 வரிசை, மொத்தம் 100 சிப்ஸ் பிடிக்கும் பிளாஸ்டிக் தட்டு அது. 5 டாலர் சிவப்புச் சிப்ஸால் நிரப்பினால் 500 டாலர். உங்களிடம் சீட்டு இருக்கும்போது அடுக்கத் தொடங்காதீர்கள். கிளம்பும் அவசரத்தில் கவனமில்லாமல் ஆடுகிறீர்கள் என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும், டீலருக்கும் உங்கள் சிப்ஸைக் கணக்கிடுவது கஷ்டமாகும். புது டேபிளில் உட்கார்ந்ததும் ராக்கிலிருந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து அடுக்குங்கள். 25 டாலர் பச்சையும் 100 டாலர் கறுப்பும் முன்னால் தெரிய வேண்டும். எதிராளி ஆல்-இன் போக (இருப்பதையெல்லாம் பந்தயம் வைக்க) யோசிக்கும்போது, உங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு.

நாற்காலிகளின் எண், டீலரின் இடது கைப் பக்கம் 1 என்று தொடங்கும். ஒரு ஹேண்ட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் உட்காருங்கள். உட்கார்ந்ததும் 'போஸ்ட் செய்ய வேண்டுமா?' என்று டீலரிடம் கேளுங்கள். முறை வரும் முன்பே பிளைண்ட் தொகையை வைத்துவிட்டு ஆட்டத்தில் சேர்வதுதான் போஸ்ட். சில அறைகளில் உடனே சீட்டுக் கிடைக்கும். சில அறைகளில் பிக் பிளைண்ட் (இரண்டு பிளைண்ட்களில் பெரியது) உங்களிடம் வரும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது 3 டாலர் போஸ்ட் செய்ய வேண்டும். பிக் பிளைண்ட் ஒன்றிரண்டு ஹேண்டில் வந்துவிடும் என்றால் காத்திருப்பதே மேல். பட்டனுக்கு (டீலர் இடத்தைக் குறிக்க ஒவ்வொரு ஹேண்டிலும் நகரும் வட்டு) முந்தைய இடமான கட்ஆஃபில் இருந்தால் போஸ்ட் செய்யலாம், மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கும் வசதி கிடைக்கும். பட்டனுக்கும் பிளைண்ட்களுக்கும் நடுவே வந்து உட்கார்ந்திருந்தால், பட்டன் உங்களைக் கடக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

அதே டேபிளில் நாற்காலி மாறும்போதும் பிளைண்ட் கணக்கு உண்டு. நீங்கள் 3-ஆம் நாற்காலியில் இருக்கிறீர்கள், அடுத்த பிக் பிளைண்ட் உங்களுடையது. 8-க்கு மாறினால் 4, 5, 6, 7-இல் உள்ள நால்வர் உங்களுக்கு முன்னால் வந்துவிடுகிறார்கள். அதனால் நான்கு ஹேண்ட் காத்திருக்க வேண்டும், அல்லது பிக் பிளைண்ட் தொகையைப் போஸ்ட் செய்து உடனே ஆட வேண்டும். பிக் பிளைண்டுக்கு நெருக்கமாக நகர்ந்தால் இந்தச் சுமை இல்லை. பிளைண்ட் வரும் நேரம் பார்த்தே ஒவ்வொரு முறையும் மாறுபவரை ஃப்ளோர் விரைவில் அடையாளம் கண்டுகொள்வார். அடுத்த தடவை கேட்கும்போது அவருக்கு இடம் கிடைப்பது சந்தேகம்தான்.

நண்பர் இருக்கும் டேபிளுக்கு மாறுகிற தமிழர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஹேண்ட் நடக்கும்போது ஆங்கிலம் மட்டும்தான் என்பது அமெரிக்க அறைகளில் பரவலான விதி. 'என்னடா வச்சிருக்க?' என்று சிரித்துக்கொண்டே தமிழில் கேட்டாலும், மற்றவர்களுக்கு அது கூட்டுச் சதியாகத்தான் தெரியும். நண்பர் என்பதற்காக பந்தயத்தைக் குறைத்து ஆடுவதும் தடை.

ஏதாவது தகராறு வந்தால் டீலரோடு மல்லுக்கட்ட வேண்டாம். 'ஃப்ளோர், ப்ளீஸ்' என்று சொல்லுங்கள். அவர் வந்து தீர்ப்புச் சொல்லும்வரை சிப்ஸையும் சீட்டையும் இருந்த இடத்திலேயே விட்டுவையுங்கள்.