டொராண்டோவிலிருந்து சென்னை எவ்வளவு தூரம்?

டொராண்டோவுக்குப் புதிதாக வந்தவர்கள் முதல் மாதத்திலேயே ஊருக்குப் போகிற கணக்கைப் போட ஆரம்பித்துவிடுவார்கள். கூகுளில் தேடினால் சுமார் 13,400 கிலோமீட்டர் என்று வரும். அது பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த தூரம். அந்த நூல் கிரீன்லாந்துக்கு மேலே போகும். அப்படி நேராகப் போகிற விமானம் சென்னைக்குக் கிடையாது.

துபாய், லண்டன் மாதிரி ஏதாவது ஓர் ஊரில் மாறித்தான் போக வேண்டும். இந்த இரண்டு வழியிலும் மொத்தம் கிட்டத்தட்ட 14,000 கிலோமீட்டர்தான், அதனால் எது கிட்டே என்று மண்டையைக் குடைய வேண்டாம். லண்டன் வழி என்றால் 7 மணி நேரம், அப்புறம் 10 மணி நேரம். துபாய் வழி என்றால் ஒரே மூச்சில் 13, பிறகு 4. முட்டிவலி உள்ள அம்மா அப்பாவுக்கு லண்டன் வழியைத்தான் நான் சொல்வேன். டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டுவிடுங்கள், அதற்குத் தனிக் காசு இல்லை.

பறக்கிற நேரம் 17 மணி என்றாலும், டொராண்டோவின் கிழக்கே ஸ்கார்பரோ வீட்டைப் பூட்டி, 401 நெடுஞ்சாலையில் ஊர்ந்து பியர்சன் விமான நிலையம் போய், மாறுகிற இடத்தில் காத்திருந்து, சென்னை வீட்டுக் காலிங்பெல்லை அடிக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். திரும்பி வரும்போது எதிர்க்காற்று, இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் கூடும்.

டிக்கெட்டில் போட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம், அதை நம்பி ஏமாறாதீர்கள். சென்னையில் காலை 4 மணிக்குக் கிளம்பி அதே நாள் மாலை 4 மணிக்கு டொராண்டோ என்றிருந்தால் 12 மணி நேரப் பயணம் இல்லை. குளிர்காலத்தில் பத்தரை மணி நேரத்தைக் கூட்டுங்கள், கோடையில் ஒன்பதரை. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றி வைப்பார்கள். இங்கே வந்த முதல் நவம்பரில் நான் வழக்கம்போல் ராத்திரி எட்டரைக்குத்தான் போன் போட்டேன். அங்கே ஆறுக்குப் பதில் ஏழு மணி ஆகியிருந்தது. "ஒரு மணி நேரமா போனையே பாத்துட்டு உக்காந்திருக்கேன்டா" என்றார் அம்மா. காபி ஆறிப்போயிருந்ததாம்.

விலை குறைவு என்று இரண்டு தனித்தனி டிக்கெட் வாங்காதீர்கள். ஒரு தடவை எனக்கு முதல் விமானம் தாமதம், இரண்டாவது போய்விட்டது, பணமும் போச்சு. அமெரிக்கா வழியாக மாறினால் வெளியே போகாவிட்டாலும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா வேண்டும்.

இன்னொன்று, சொல்ல மனசு வரவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்தால் பதற்றத்தில் "நாளைக்கே வந்துடறேன்" என்று சொல்லிவிடாதீர்கள். டிக்கெட் கிடைப்பதையும் சேர்த்து ஒன்றரை, இரண்டு நாள் என்று சொன்னால்தான் ஃப்ரீசர் பெட்டியில் வைத்துக் காத்திருப்பதா வேண்டாமா என்று அங்கே இருப்பவர்கள் முடிவு செய்ய முடியும். கிளம்பும்போது பிஆர் கார்டு (கனடாவில் நிரந்தரமாக வசிப்பவர்களுக்குத் தரும் அட்டை) கையில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் திரும்பி வர விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். கார்டு இன்னும் தபாலில் வராதவர்கள் ஊரில் இருந்தபடியே தனிப் பயண ஆவணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும், வேலையிடத்தில் லீவு கேட்கும்போதே அந்த நாட்களையும் சேர்த்துக் கேளுங்கள்.